கூறியது கூறல்

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். அவ்வாறன்றிக் கணினிக்குச் செய்நிரல் எழுதும் முறைபற்றி, அதிலும் பொதுமை வகுப்பு எனப்படும் நுட்பம்பற்றி, நாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இம்மலரின் இறுதியில் உள்ள ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் எம் கையாற் பிழையொன்று நேர்ந்தது. அச்சேறுமுன் அது திருத்தப்பட்டதாயினும் எம் மனத்தைவிட்டு அகன்றிலது. பலர் அறிய அதனைச் சொல்லிவிடுதலே முறையென எமக்குத் தோன்றிற்று. சொல்லுமிடத்து, அதனாற் கற்ற பாடத்தையும் இளையோர் பயன்கொள்ளுமாறு சொல்லல் வேண்டும்.

விழாவை முன்னிட்டு மூன்று பட்டியல்கள் ஆக்கும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒன்று சேர்விடாப்புகளிலிருந்து எடுக்கப்படும் மாணவர் பட்டியல். மற்றொன்று ஆசிரியர் பட்டியல். பிறிதொன்று நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த நூல்களின் பட்டியல். பெயர்களைப் பிழையின்றி எழுதத் தமிழாசிரியரே தக்கவர் என்பது சங்கத்தார் கருத்து. கணினிக் கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் எம்மிடம் தமிழ் பயின்றவர். “ஐயா, இதற்குச் செய்நிரலை நீங்களே எழுதிப் பார்க்கலாமே” என்று அவர் சொன்னார். ஆயத்தமாகக் கிடைக்கும் விரிதாள் ஒன்றில் எழுதினாற் போதாதா எனக் கேட்பார் உளர். போதும். ஆயினும் நாம் பயிற்சிக் கலாசாலையிற் கல்லாத ஒன்றை நாற்பது வயதுக்கு மேலாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை எம்மை விட்டிலது. ஆறு மாதம், பாடசாலை முடிந்த பின்னர், மாலைதோறும் ஜாவா என்னும் செய்நிரல் மொழியைக் கற்றோம்.

அம்மொழி பொருள்நோக்கு முறையைச் சார்ந்தது. நோர்வே நாட்டிலே டால், நைகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் முளைத்த முறை அது. அம்முறையில் ‘வகுப்பு’ என்பது ஓர் அச்சு. அவ்வச்சில் வார்க்கப்படுவன ‘பொருள்’கள். ஒரு பொருள் தனக்குரிய தரவையும், அத்தரவின்மேற் செய்யத்தக்க செயல்களையும் ஒருங்கே உடையது. வெளியிலிருந்து அதனை ஏவலாமேயன்றி அதன் உள்ளே கைவைத்துக் கலைத்தல் தகாது.

பெயர்களை வைத்திருப்பதற்கு இணைப்புப் பட்டியல் என்னும் கட்டமைப்பை நாம் தெரிந்துகொண்டோம். காலைப் பிரார்த்தனைக்குச் செல்லும் சிறுவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாகச் செல்வதை மனத்திற் கொள்க. ஒவ்வொரு சிறுவனும் தனக்கு அடுத்தவனை மாத்திரம் அறிவான். முதற் சிறுவனை ஆசிரியர் அறிவார். அவனிலிருந்து தொடங்கிக் கைவழியே சென்றால் எல்லாரையும் காணலாம். புதியவன் ஒருவன் வந்தால் கடைசியில் நிறுத்துவதற்கு வசதியாகக் கடைசிச் சிறுவன் யார் என்பதையும் ஆசிரியர் குறித்து வைத்திருப்பார். இணைப்புப் பட்டியலும் இத்தகையதே. சிறுவனைக் கணு என்பர். முதற் கணுவைத் தலை என்றும், இறுதிக் கணுவை வால் என்றும் வழங்குவர். எத்தனை கணுக்கள் உள என்பதை எண்ணிவரும் எண்ணி ஒன்றும் எம் வகுப்பில் இருந்தது.

முதலில் மாணவர் பட்டியலுக்கு வகுப்பு எழுதினோம். அது செவ்வனே இயங்கக் கண்டு மகிழ்ந்து, அதனையே படியெடுத்து, ‘மாணவர்’ என்றிருந்த இடமெல்லாம் ‘ஆசிரியர்’ என மாற்றி இரண்டாவது வகுப்பை ஆக்கினோம். மீண்டும் படியெடுத்து ‘நூல்’ என மாற்றி மூன்றாவதை ஆக்கினோம். ஒரு மாலைப்பொழுதில் மூன்று வகுப்புகள் எழுதி முடித்த பெருமிதத்துடன் அன்று வீடு திரும்பினோம்.

சில நாள் கழித்து மாணவர் பட்டியலில் ஒரு குற்றம் புலப்பட்டது. கடைசிக் கணுவை நீக்கியபின் சேர்த்த பெயர்கள் பட்டியலில் தோன்றவில்லை. ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. கடைசிச் சிறுவன் வரிசையை விட்டுப் போய்விட்டான். ஆனால் ஆசிரியருடைய குறிப்பில் அவனே இன்னும் கடைசியாக நிற்கின்றான். பின்னர் வந்தவன் போய்விட்டவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்வந்தவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். தலையிலிருந்து எண்ணிவருவோர்க்கு இவர்களுள் ஒருவரும் அகப்படார். நீக்கும்போது வாலையும் ஒரு கணு பின்னிழுத்து வைத்தல் வேண்டும் என்பதை நாம் மறந்திருந்தோம். இரண்டு வரிகள் சேர்த்துக் குற்றத்தைத் தீர்த்தோம். மாணவர் வகுப்பிலே தீர்த்தோம். மற்றை இரண்டு வகுப்புகளும் எம் நினைவுக்கு வரவில்லை.

ஆசிரியர் இடாப்பில் 136 பெயர்கள் இருந்தன. அவற்றுள் இறுதிப் பெயரைக் கைதவறி இருமுறை பதிந்துவிட்டு, மிகையான ஒன்றை நீக்கினோம். அதன்பின் தனியொரு கொப்பியில் இருந்த 7 பெயர்களைச் சேர்த்தோம். அந்த எழுவரும் நியமனக் கடிதம் இல்லாத தொண்டர் ஆசிரியர்கள். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எம் கல்லூரி தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் பிற்பகற் பொழுதை இரந்து நடந்த காலத்தில், சம்பளம் இன்றி வந்து படிப்பித்தவர்கள். சேர்த்தபின் எண்ணி 143 எனக் காட்டிற்று. இடாப்போடும் கொப்பியோடும் ஒப்பிட்டோம். தொகை சரியாகவே இருந்தது. எண்ணி, சேர்க்குந்தோறும் ஒன்று கூட்டி நீக்குந்தோறும் ஒன்று குறைப்பது. கணுக்கள் யாண்டுத் தொங்குகின்றன என்பதை அது பாராது. அச்சுப்படியிலே 136 வரிகளே வந்தன. வரிகளை நாம் எண்ணவில்லை.

அச்சுப்படியை நூலகத்தில் வைத்து, வந்து பார்த்துத் திருத்தம் சொல்லுமாறு பழைய ஆசிரியர்களை அழைத்திருந்தோம். எமக்குத் தமிழ் படிப்பித்த பண்டிதர் ஐயா எண்பது வயதைக் கடந்தவர். பேரனுடன் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். தபாற் கந்தோரிலிருந்து முற்பட ஓய்வு பெற்று, அவ்விடப்பெயர்வுக் காலத்திலே எமக்கு நன்னூலை மரநிழலில் வைத்துச் சொல்லித் தந்தவர் அவர். பட்டியலை முதலிலிருந்து இறுதிவரை விரல் வைத்துப் பார்த்தார். இறுதிப் பக்கத்தில் விரல் சிறிது நின்றது. பின்னர்க் கண்ணாடியைக் கழற்றி உறையில் இட்டுக்கொண்டு, “தம்பி, பட்டியல் வடிவாக இருக்கிறது, எழுத்துப்பிழை ஒன்றுமில்லை” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் பாராட்டு எமக்கு அன்று முழுவதும் இனித்தது.

இரவு, மலரின் வேறொரு பகுதிக்கு ஐயாவின் பெயரை எடுத்து எழுதப் பட்டியலைப் புரட்டினோம். அஃது அங்கு இல்லை. எழுவருள் ஒருவர் பெயரும் இல்லை. அப்பொழுதே காரணம் இன்னதென எமக்குப் புரிந்துவிட்டது. படியெடுத்த வகுப்பைத் திறந்து பார்த்தோம். மாணவர் வகுப்பில் நாம் சேர்த்த இரண்டு வரிகள் ஆசிரியர் வகுப்பில் இல்லை. நூல் வகுப்பிலும் இல்லை. அங்கு எதனையும் நீக்க நேராதபடியாற் குற்றம் உறங்கிக் கிடந்தது.

மறுநாட் காலையில் ஐயாவின் வீட்டுக்குச் சென்றோம். விறாந்தையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளியாது சொன்னோம். அவர் முதலிற் கேட்டது, “மற்ற ஆறு பேருடைய பெயரும் விடுபட்டுத்தானோ இருந்தது?” என்பதே. அவ்வறுவருள் மூவர் இப்பொழுது இல்லை. “ஐயா, நேற்றே சொல்லியிருக்கலாமே” என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “தம்பி, எழுவரும் ஒருமிக்க இல்லாததைக் கண்டேன். நியமனம் உள்ளவர்களை மட்டும் போடுவதென்று சங்கம் தீர்மானித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதுவும் ஒரு நியாயந்தானே. அதைப்பற்றி உம்மிடம் கேட்பது எனக்கு அழகில்லை” என்றார்.

எமக்கு நா எழவில்லை. ஒரு கணுவைச் சுட்டும் குறிப்பு இடம் மாறாதிருந்த சிறு தவறு, அவர் மனத்திலே கல்லூரியின் தீர்ப்பாகப் பதிந்து ஓர் இரவு முழுவதும் கிடந்திருக்கின்றது. கணினி தவறினால் மனிதர் அதனைக் கணினியின் தவறென்று கொள்வதில்லை. அதன்பின் நிற்கும் மனிதருடைய எண்ணமென்றே கொள்கின்றனர்.

பின்னர் அவரே பேச்சை மாற்றினார். “ஒரே வகுப்பை மூன்றுமுறை ஏன் எழுதினீர்? கூறியது கூறல் குற்றமென்று நான் படிப்பிக்கவில்லையா?” என்று நகைத்தார். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் அஃதொன்று என்பதை மாணவர்க்கு ஆண்டுதோறும் நாமே சொல்லி வருகின்றோம். வீண் சொற் பெருக்கம் என்ற அளவிலேயே அதற்குப் பொருள் கண்டிருந்தோம். இருமுறை கூறியதில் ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் அதுவே மாறுகொளக் கூறல் ஆகும் என்பது அன்றுதான் எமக்கு உறைத்தது. ஒரு குற்றம் மற்றொரு குற்றத்தின் விதை. இலக்கண ஆசிரியர் ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் பின்வரும் இடங்களில் ‘அதுபோல்வதே இதுவும்’ என மாட்டெறிந்து செல்வது சொற்சுருக்கத்துக்கு மாத்திரம் அன்று. விதி ஓரிடத்தில் இருந்தாற்றான் பிறழாதிருக்கும் என்பதற்காகவுமாம்.

அன்று மாலை மூன்று வகுப்புகளையும் ஒன்றாக்க முனைந்தோம். முதலில் எமக்குத் தோன்றிய வழி, எதனையும் ஏற்கும் பட்டியல் ஒன்றை ஆக்குவது. ஜாவாவிலே எல்லா வகுப்புகளும் ஒப்ஜெக்ட் என்னும் மூல வகுப்பின் வழிவந்தவை. ஆதலின் ‘ஒப்ஜெக்ட்’டுகளின் பட்டியல் என எழுதிவிட்டால் மாணவரும் ஆசிரியரும் நூலும் அதனுள் அடங்குவர். அவ்வாறே செய்தோம். ஆனால் உள்ளே எது இருக்கின்றது என்பதைப் பட்டியல் அறியாது. எடுக்கும்போது ‘இஃது ஆசிரியர்’ என நாமே உறுதி கூறல் வேண்டும். பதியும்போது கவனக்குறைவால் நூலொன்று ஆசிரியர் பட்டியலுள் நுழைந்துவிட்டது. ஒருவரும் தடுத்திலர். அச்சிடப் புகும் வேளையிலே, நூலை ஆசிரியராகக் கொள்ள இயலாது என்று சொல்லிச் செய்நிரல் நடுவழியில் நின்றது. வாயிலிற் சோதிக்காது சபையிற் பிடித்து வெளியேற்றுவது போன்றது இம்முறை.

இதற்கு நேரிய வழி பொதுமை வகுப்பு. ஜெனரிக்ஸ் என்று ஜாவா பயில்வோர் வழங்குவர். எமது மாணவர் நன்கறிந்த ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்னும் வினாவே இதன் கருத்து. பட்டியல் வகுப்பை எழுதும்போது, உள்ளே வைக்கப்படும் பொருளின் வகை எதுவென்று சொல்லாமல் கோடிட்டு விடுகின்றோம். அக்கோட்டுக்கு அடையாளமாக ரீ என்னும் ஆங்கில எழுத்தை இடுவது வழக்கம். ‘ரீயின் பட்டியல்’, அதன் கணு ஒரு ரீயையும் அடுத்த கணுவின் சுட்டையும் உடையது, சேர்க்கும் செயல் ஒரு ரீயை ஏற்பது, எடுக்கும் செயல் ஒரு ரீயையே தருவது. பயன்படுத்தும் இடத்திலே ‘ஆசிரியரின் பட்டியல்’ என்றால் ரீ என்ற இடமெல்லாம் ஆசிரியரால் நிரம்பும். பின்னர் நூலொன்றைச் சேர்க்கச் சொன்னால், செய்நிரல் இயங்குவதற்கு முன்பே, தொகுப்பான் அதனை ஏற்க மறுத்துவிடும். விதி ஒன்று, வாயிற் காவலும் உண்டு. வாலைப் பின்னிழுக்கும் இரண்டு வரிகளை ஓரிடத்தில் எழுதினோம். மூன்று பட்டியல்களும் ஒருங்கே திருந்தின.

இக்கருத்து ஒருவரால் ஒரு நாளிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கிறிஸ்தோபர் ஸ்ரேச்சி என்னும் ஆங்கிலேயர் 1967இல் நிகழ்த்திய விரிவுரைகளில், ஒரே செயல் எல்லா வகைகளுக்கும் ஒரேபடித்தாய் இயங்கும் பண்பை வேறுபடுத்திக் காட்டிப் பெயரிட்டார். 1970களில் ரொபின் மில்னரின் எம்.எல். மொழியிலும், பார்பரா லிஸ்கோவ் அம்மையார் அமெரிக்காவில் ஆக்கிய குளூ மொழியிலும் அது நடைமுறைக்கு வந்தது. சீ பிளஸ் பிளஸ் மொழியிலே அலெக்சாந்தர் ஸ்ரெப்பனோவ் வகுத்த பொதுமைக் கட்டமைப்புகளின் தொகுதி 1998ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்றது. ஜாவா 1996இல் முதன்முதல் வெளியானபோது இவ்வசதி அதற்கு இல்லை; 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் அம்மொழியினர் நாம் இரண்டாவதாகச் செய்த தவறான வழியிலேயே சென்றனர் என அறிந்தபோது எமக்குச் சிறிது ஆறுதல் பிறந்தது. கோ என்னும் மொழி 2009இல் அறிமுகமாகி 2022இற்றான் இதனை ஏற்றது.

மொழிகள் இதனைச் செய்யும் வகையும் ஒன்றன்று. சீ பிளஸ் பிளஸ் தொகுப்பான், ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு படியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. கூறியது கூறலேயாயினும், மூலம் ஒன்றாதலின் மாறுகொளலுக்கு இடமில்லை. ஜாவாவோ வாயிலிற் சோதித்தபின் ரீயின் அடையாளத்தை அழித்துவிடுகின்றது. இயங்கும்போது எல்லாம் பழைய ‘ஒப்ஜெக்ட்’ பட்டியலே. ஆதலினால் அம்மொழியில் ரீயின் அணி ஒன்றை நேரே ஆக்க முயன்றால் தொகுப்பான் மறுக்கும். காரணம் அறியாமல் நாம் இரண்டு மாலைப்பொழுதுகளை அதிலே செலவிட்டோம்.

நிற்க. ஐயாவின் சொல் எம்மை வேறொரு வழியிலும் தூண்டிற்று. நியமனம் பெற்றோர் முன்னும் தொண்டர்கள் பின்னுமாக நிற்பதே வேண்டாம் எனவும், எல்லாரையும் அகரவரிசையில் வைப்பது எனவும் சங்கத்தார் தீர்மானித்தனர். வரிசைப்படுத்தல் என்றவுடன் பொதுமைக்கு ஓர் எல்லை எதிர்ப்பட்டது. எவ்வகைப் பொருளாயினும் சங்கிலியாகக் கோக்கலாம். ஆனால் வரிசைப்படுத்த வேண்டுமாயின் இரண்டில் எது முந்தியது என்று தெரிதல் வேண்டும். ஆகவே ‘தம்முள் ஒப்பிடத்தக்க ரீ’ எனக் கோட்டுக்கு ஒரு வரையறை இடுகின்றனர். பெயர்கள் ஒப்பிடத்தக்கனவே. ஏவினோம், வரிசை வந்தது. ஆனால் கமலநாதனுக்கு முன்னே கனகசபை நின்றார்; அப்பாத்துரைக்கு முன்னே அபிராமி நின்றார்.

எழுத்துகளுக்கு யூனிக்கோட்டில் வழங்கிய எண்களைக் கொண்டே ஜாவா ஒப்பிடுகின்றது. அந்த எண்கள் இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி நியமத்தின் அமைப்பைத் தழுவியவை. பல இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே சட்டத்துள் அமைக்க எண்ணி, னகரத்தை நகரத்தின் பக்கத்திலும், றகரத்தை ரகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்களை லகரத்தின் பக்கத்திலும் இருத்திவிட்டனர். எம் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் ஈற்றில் நிற்பது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டதாதலின், முன்வர வேண்டிய மெய்யும் உயிர்மெய்க்குப் பின்னே சென்றது. பொதுச் சட்டம் ஒன்று, தன்னுள் அடங்கும் ஒன்றன் சிறப்பை அறியாமல் வகுக்கப்படுமாயின் விளைவது இது.

இதற்கும் பொதுமை முறையிலேயே பரிகாரம் உண்டு. வரிசைப்படுத்தும் செயலை மாற்ற வேண்டியதில்லை. ஒப்பிடும் விதியை மாத்திரம் தனியொரு பொருளாக்கி அதன் கையிற் கொடுக்கலாம். நெடுங்கணக்கின் முறையை எழுதி, மெய்க்குப் பின் உயிர்மெய் என்பதையும் விதித்து, ஒப்பீட்டு வகுப்பு ஒன்றை நாம் ஆக்கினோம். ஆறு மாதக் கல்வியில் தமிழாசிரியர் என்ற உரிமையோடு நாம் எழுதிய வகுப்பு அஃதொன்றே. பொதுவிதி பொதுவாகவே நிற்க, சிறப்புவிதி தனக்குரிய இடத்தில் நின்று அதனை நிறைவு செய்தது. இலக்கண நூலார் நெடுங்காலமாகச் செய்து வருவதும் இதுவே.

செய்நிரல் பயிலும் எம் மாணவர்க்கு இரண்டு சொல்வோம். ஒன்றை இரண்டாவது முறை படியெடுக்கக் கை செல்லும்போது சிறிது நிற்க. மாறுவது எது, மாறாதது எது எனப் பிரித்து, மாறுவதற்குக் கோடிட்டு, மாறாததை ஒருமுறை எழுதுக. மற்றொன்று: ரீ என்ற எழுத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்பதைப் பட்டியல் அறியாது, அறியாமையே அதன் வலிமை. எழுதுகின்ற நாம் அறியாதிருத்தல் ஆகாது. எண்ணி சொல்லும் தொகையை நம்பி அமையாது, அச்சான வரிகளைக் கண்ணால் எண்ணுக.

திருத்திய படியைப் பண்டிதர் ஐயாவிடம் கொண்டுசென்று காட்டினோம். தம் பெயரை அவர் தேடவில்லை. மறைந்த மூவரின் பெயர்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் விரல் வைத்துப் பார்த்தார். பின்னர் ஒருவருடைய தலைப்பெழுத்துப் பிழை என்று சொன்னார். அதனையும் திருத்தினோம்.

இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பர்கள் அப்பட்டியலின் வரிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. 143 இருத்தல் வேண்டும். இன்னும் எவர் பெயரேனும் விடுபட்டிருப்பின், அது கல்லூரியின் எண்ணமன்று, எம் பிழையே எனக் கொண்டு, தயங்காது எமக்கு அறிவிப்பார்களாக.